முன்வரிசைக்குப் பேசக் கற்றேன்

பேசுவதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது என்பதை எங்கள் லயத்தில் யாரும் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானே முதலில் நம்பவில்லை. ஊட்டியில் பல்கலைக்கழகத்தின் துறை ஒன்று இருந்தது. தொடர்பியல், பேச்சுக்கலை, நிகழ்த்துகலை மூன்றையும் ஒரே படிப்பாகப் போட்டு இரண்டு வருடம் சொல்லிக் கொடுத்தார்கள். இடம் கிடைத்த சேதியை எடுத்துக்கொண்டு நான் முதலில் ஓடியது சின்னம்மா வீட்டுக்கு. சின்னம்மா என் அம்மாவின் தங்கை. பிள்ளை இல்லாதவள். அம்மாவும் அப்பாவும் தோட்ட வேலையை விட்டு, குன்னூர் மார்க்கெட்டில் காய்கறிக் கடை போட்டு, வெலிங்டன் பக்கம் வாடகை வீட்டுக்குக் குடிபோன பிறகும், என் சனி ஞாயிறெல்லாம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் கடைசி வீடான சின்னம்மா வீட்டில்தான் கழிந்தன.

"பேசறதுக்குப் படிப்பா?" என்றார் சித்தப்பா. "அப்ப உங்க சின்னம்மா எப்பவோ டாக்டர் பட்டம் வாங்கியிருக்கணுமே."

"ஆமா, நான் பேசி இவரு கேட்டுக் கிழிச்சுட்டாரு. நீ போ பாப்பா. வாயுள்ள புள்ள பொழைக்கும்" என்றாள் சின்னம்மா.

சித்தப்பா சிறுவனாகச் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர். தேயிலை ஃபேக்டரியில் வேலை. அதைக் கடைசி வரை ஸ்டோர் என்றுதான் சொன்னார். அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று சின்னம்மா அவரைக் கேட்காத நாளே இருக்காது. மெஷின் சத்தத்திலேயே காலம் போனதால் காதும் கொஞ்சம் மந்தம். அது ஒரு வசதி என்று என்னிடம் மட்டும் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. தேயிலைச் செடிகளுக்குள் காட்டுமாட்டையோ கரடியையோ முதலில் பார்க்கிறவர் குரல் கொடுக்க வேண்டும். அதில் வார்த்தை எதுவும் கிடையாது. அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒரு 'ஏ...ஏ...ஏ', அவ்வளவுதான். அது காதில் விழுந்தவர் அதை வாங்கி அடுத்த சரிவுக்குக் கொடுப்பார். என்ன, ஏது, எங்கே என்று யாரும் நின்று கேட்கக் கூடாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மேட்டு ரோட்டுக்கு ஓட வேண்டும். கூட யார் இருந்தாலும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். கேள்வியெல்லாம் மேலே போய்ச் சேர்ந்த பிறகு.

எனக்கு அந்தத் தொண்டை நன்றாக வாய்த்திருந்தது. சின்ன வயதில் என் குரல் எதிர்ச் சரிவு வரைக்கும் போகும். அந்தப் பெருமையில் ஒருநாள், ஒன்றுமில்லாமலேயே, சும்மா விளையாட்டுக்குக் குரல் கொடுத்துவிட்டேன். கொழுந்துக் கூடைகளைப் போட்டுவிட்டுப் பெண்கள் எல்லோரும் ஓடினார்கள். ஒருத்திக்குக் கால் பிசகிவிட்டது. சித்தப்பா வந்து கன்னத்தில் ஒன்று வைத்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

"அந்தக் கொரல வெளையாட்டுக்கு எடுக்காத பாப்பா. அப்புறம் நெசமா எடுக்கறப்ப எவனும் ஓட மாட்டான்" என்றார். அன்று சாயங்காலம் அவரே வறுத்த கடலை வாங்கிவந்து என் மடியில் போட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தின்றேன்.

துறை ஒரு பழைய பங்களாவில் இருந்தது. மரத் தரை, உயரமான ஜன்னல்கள், எப்போதும் பழைய பைண்டுப் புத்தகங்களின் வாசனை. முதல் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். நான் எழுந்து பேசினேன். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. நான் ஒன்றும் தமாஷாகச் சொல்லவில்லை. சத்தம்தான் காரணம். எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டில் உப்பு கேட்பதே அந்தச் சத்தத்தில்தான்.

குரல் பயிற்சி சொல்லிக் கொடுத்த மேடம் சிரிக்கவில்லை. "நீங்க மலைக்குப் பேசறீங்க. இங்க மலை இல்ல. முன்வரிசையில உக்காந்திருக்கிற ஒருத்தருக்குப் பேசுங்க, போதும்" என்றார். அவர் நல்லவர். இன்றும் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும் என்று சில நாள் நினைத்துக்கொள்வேன்.

அந்த ஒரு வருடத்தில் என் தொண்டையை முழுதாகக் கழற்றி மாட்டினார். குளிர்ந்த மரத் தரையில் மல்லாந்து படுத்து மூச்சு விடப் பழகினோம். வாய்க்கு நேரே எரியும் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு, சுடர் ஆடாமல் பேசப் பழகினோம். நான் பேசியபோது சுடர் ஆடவில்லை, அணைந்தே போனது. திரும்பவும் ஏற்றினார். திரும்பவும் அணைத்தேன். 'குரல் ஏறினால் நம்பிக்கை இறங்கும்' என்பது அவர் வகுப்பில் எங்களுக்கு வேதவாக்கு. கேட்பவர் முதலில் எடைபோடுவது பேசுகிறவரை, பேச்சை அதற்குப் பிறகுதான் என்று இன்னொரு பேராசிரியர் நடத்தினார். அதைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

காலையில் குன்னூரிலிருந்து ஊட்டி போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே பயிற்சி செய்வேன். கேத்தியில் கேரட் மூட்டையோடு ஏறுகிற ஒரு படகர் அம்மா தினமும் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். ஒருநாள் கண்டக்டரிடம் மெதுவாக, "இந்தப் பொண்ணுக்கு என்ன கஷ்டமோ" என்றார். கண்டக்டர் என்னை நன்றாக அறிந்தவர். "அதுக்கு ஒண்ணும் இல்லீங்க, அது காலேஜ்ல படிக்குது" என்றார். அந்த அம்மாவின் பரிதாபம் அதற்குப் பிறகும் குறையவில்லை.

ஆனால் மாற்றம் வந்தது. முதல் வருடக் கடைசியில் சுடர் ஆடாமல் ஒரு நிமிடம் முழுக்கப் பேசினேன். வகுப்பு கைதட்டியது. என் குரல் தாழ்ந்து, வழுவழுவென்று, சூடான பால் மாதிரி ஆகியிருந்தது. கடைக்கு வருகிறவர்கள் அம்மாவிடம், "ரேடியோவுல பேசற மாதிரியே பேசுது உங்க பொண்ணு" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குரலோடுதான் தூங்கினேன், அந்தக் குரலோடுதான் எழுந்தேன். பல் தேய்க்கும்போதுகூட முன்வரிசைக்குத்தான் பேசினேன்.

துறையின் அரங்க நாளுக்குச் சித்தப்பாவையும் சின்னம்மாவையும் கூட்டிவந்தேன். சித்தப்பா லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். முன்னால் வாங்க என்று கூப்பிட்டும் வரவில்லை. தனி ஒருத்தியாக நின்று கால் மணி நேரம் ஒரு நாடகத்தை நிகழ்த்தினேன். முடிந்ததும் ஓடிப்போய், எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல பாப்பா. எல்லாரும் கைதட்டுனாங்க, நானும் தட்டுனேன்" என்றார்.

"அவரு கெடக்கறாரு, செவுடு" என்றாள் சின்னம்மா. "என்ன கொரலு பாப்பா உனக்கு. நீ என்ன சொன்னேன்னு எனக்கும் ஒண்ணும் தெரியல. கேட்டுட்டே இருக்கலாம் போல இருந்துச்சு."

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இனித்தது என்று எப்படிச் சொல்வேன். பேச்சுப் படித்தவள் ஒருத்தியிடம், நீ சொன்னது விளங்கவில்லை, ஆனால் கேட்க நன்றாக இருந்தது என்கிறார்கள். நான் பூரித்துப்போய் நிற்கிறேன். கோட்டைவிட்டது அங்கேயேதான் என்று இப்போது தெரிகிறது. இப்போது தெரிந்து யாருக்கு என்ன லாபம்.

இரண்டாம் வருடம் தொடங்கியபோது குன்னூரில் மைக் செட் வைத்திருந்த ஒருவர் அப்பா மூலமாக என்னைத் தேடிவந்தார். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக விளம்பரம் ஓட்டுகிறவர். கம்பளிக் கடைத் தள்ளுபடிக்குப் பெண் குரல் வேண்டும் என்றார். செல்போன் கடையின் பின்னறையில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஒரு சின்ன இடத்தில் பதிவு நடந்தது. 'அன்பான வாடிக்கையாளர்களே' என்று ஆரம்பிக்கும். பின்னால் வீணை மாதிரி ஒரு இசை. ஒரே மாதத்தில் கோத்தகிரி ரோடு முதல் லயங்கள் வரை என் குரல் போய்ச் சேர்ந்தது. ஜமுக்காளம், ஸ்வெட்டர், குல்லா எல்லாம் என் வாயால் விலை குறைந்தன. பிள்ளைகள் என்னைப் பார்த்தால் 'அன்பான வாடிக்கையாளர்களே' என்று ராகம் இழுத்தார்கள்.

சின்னம்மாவுக்கு அந்த ஆட்டோ சாமி ஊர்வலம் மாதிரி. சத்தம் கேட்டதும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். "எங்கக்கா மக" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். அத்தனை தடவை கேட்டும், எந்தக் கடை, என்ன தள்ளுபடி என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. அவள் கேட்டது என்னை.

அந்த வருடம் மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. மண் ஊறிப்போய், ரோட்டோரத்தில் மரங்கள் ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கின. மேட்டுக்கு அடியில் வீடு இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்க வேண்டும் என்று லயம் லயமாக அறிவிக்க வேண்டும். தாலுகா ஆபீஸிலிருந்து மைக் செட்காரரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் நேரே என்னிடம் வந்தார். "நல்ல கொரலு கையில இருக்கறப்ப வேற ஆளைத் தேடுவாங்களா?" என்றார்.

அதே பின்னறை. அதே முட்டை அட்டை. வாசகத்தை நானே எழுதினேன். முதல் தடவை பேசியபோது, என்னவோ தெரியவில்லை, சின்னம்மா வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேடு கண்ணுக்குள் வந்துவிட்டது. குரல் மேலே ஏறிவிட்டது. ஓடுங்கள் என்று சொல்லுகிற குரல் அது. மைக் செட்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏனுங்க, இப்படிக் கத்துனா சனம் பயந்துக்கும்ங்க. நீங்க வழக்கமாப் பேசறீங்கல்ல, அந்த மாதிரி நைசாச் சொல்லுங்க."

பயப்படத்தானே சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. வாய்வரை வந்தது. அதற்குள் மெழுகுவத்திச் சுடர் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. குரல் ஏறினால் நம்பிக்கை இறங்கும். மூச்சை இழுத்து, அடிவயிற்றில் நிறுத்தி, மெல்ல விட்டேன். 'பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு' என்று ஆரம்பித்தேன். ஒரு பிசிறில்லை. மைக் செட்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வீணை இசை மட்டும் வேண்டாம் என்று நான் சொன்னேன். அந்த மட்டுக்காவது புத்தி இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து ஆட்டோ ஓடியது. கொஞ்ச நேரத்தில் சின்னம்மாவிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, உன் கொரலு வந்துச்சு. இந்த மழையிலயும் எவ்வளவு தெளிவா இருந்துச்சு தெரியுமா?"

"சின்னம்மா, பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பிட்டீங்களா?"

"எந்தப் பள்ளிக்கூடத்துக்கு?"

"அதைத்தானே அதுல சொல்றேன். மேட்டுக்கு அடியில இருக்கறவங்க எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னு."

"அட, அதச் சொல்றியா. போலாம் போலாம். உங்க சித்தப்பா நைட் ஷிப்ட் பாத்துட்டு இப்பத்தான் படுத்தாரு. எந்திரிச்சு ஒரு வாய் கஞ்சி குடிச்சதும் போறோம்."

"இப்பவே எழுப்புங்க சின்னம்மா."

"பாவம் பாப்பா, ராத்திரியெல்லாம் நின்ன மனுசன். இந்த லயம் எத்தனை மழையப் பாத்திருக்கு."

நான் விடவில்லை. துறையில் படித்த அத்தனையையும் அவளிடம் இறக்கினேன். பின்சுவரில் போன வருடமே விரிசல் இருந்ததைச் சொன்னேன். மேட்டிலிருந்து தண்ணீர் கலங்கலாக வருகிறதா என்று கேட்டேன். சித்தப்பாவுக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எனக்காகப் போங்கள் என்றேன். முதலில் காரணம், பிறகு மனசு, கடைசியில் உறவு. பாடத்தில் இருந்த வரிசை அது. எல்லாவற்றையும் தாழ்ந்த, பதறாத, முன்வரிசைக் குரலில் சொன்னேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. குரல் அடித்துக்கொள்ளவில்லை. அப்படித்தானே பழக்கியிருந்தேன்.

"சரி பாப்பா, சரி பாப்பா" என்றாள் சின்னம்மா. அவள் சிரிக்கிறது எனக்குக் கேட்டது. "நீ பேசுனா கேட்டுட்டே இருக்கலாம்."

அதோடு சிக்னல் போய்விட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன். நேரில் போய் இழுத்துவரலாம் என்று அப்பாவும் நானும் கிளம்பினோம். வழியில் ஒரு பெரிய மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து, பஸ்ஸும் இல்லை, ஜீப்பும் இல்லை. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தோம். தோட்டத்து வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, எதிரே வந்தவர்கள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கி நின்றார்கள்.

நடந்ததை ஆட்டோ ஓட்டியவர்தான் சொன்னார். இரண்டாவது தடவையாக அவர் மேட்டு ரோட்டில் வந்திருக்கிறார். சத்தம் கேட்டதும் சின்னம்மா ஒரு சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு படியேறி ரோட்டுக்கே வந்துவிட்டாள். "இது எங்கக்கா மக கொரலு. கொஞ்சம் சவுண்டு வைங்க தம்பி" என்று கேட்டிருக்கிறாள். அவர் சவுண்டு வைத்திருக்கிறார். அவள் ஆட்டோவின் கம்பியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அப்போதுதான் கீழே, வீட்டுக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்து கடைசி வீட்டின் மேல் இறங்கியது. மற்ற வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். தோண்டி எடுக்கும்போது போர்வையை இழுத்துப் போர்த்தியபடிதான் இருந்தார்.

அதற்குப் பிறகு சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். துக்கம் கேட்க வருகிற எல்லோரிடமும் அவள் ஒன்றையே சொன்னாள். "இவ கொரலக் கேக்கத்தான் நான் மேல வந்தேன். வரலைன்னா நானும் அவரோட போயிருப்பேன். என்னையக் காப்பாத்துனது பாப்பாதான்." வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அவள் அதைச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். அவள் நன்றி சொன்னாள் என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன். நன்றிக்கு என்ன செய்வது. கேட்க வந்தாள், சரி. கேட்டாளா? முதல் தடவை சொன்னதைக் கேட்டிருந்தால் இரண்டு பேருமே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து உப்புமாவைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்களே.

துறையில் எல்லோரும் அன்பாக இருந்தார்கள். வராத நாட்களை யாரும் கேட்கவில்லை. கடைசிப் பருவத்தில் தனி நிகழ்வு ஒன்று செய்ய வேண்டும். எதைச் செய்வது என்று வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது, கூடப் படித்த ஒருவன், நல்ல பையன்தான், தயங்கித் தயங்கிச் சொன்னான். "அந்த நிலச்சரிவையே பண்ணலாமே. உன்கிட்ட உண்மையான அனுபவம் இருக்கு. ஆடியன்ஸ் உறைஞ்சு போயிடுவாங்க."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. "எங்க சித்தப்பா உனக்குப் பாடத்திட்டமா?" என்று கேட்டேன். கவனித்தீர்களா, கேட்டேன். கத்தவில்லை. அந்த ஆத்திரத்திலும் குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை. அவன் முகம் வெளுத்துவிட்டது. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேத்தி மண்டியில் கேரட் ஏலம் போடுகிற காட்சியை நிகழ்த்திவிட்டுப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். சிரித்தார்கள், கைதட்டினார்கள். கடைசி வரிசையைப் பார்க்காமல் இறங்கிவிட்டேன்.

மழை அறிவிப்பை மைக் செட்காரர் அவராகவே அழித்துவிட்டார். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. கம்பளி விளம்பரம் இன்னும் ஓடுகிறது. குளிர்காலம் வந்தால் எங்கள் தெருவுக்கும் வருகிறது. சின்னம்மா ஜன்னலுக்குப் போய் நின்று, ஆட்டோ வளைவில் மறைகிற வரைக்கும் கேட்கிறாள். நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன். அவளிடம் கேட்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவையும் சொன்னேன்.

எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் பக்கத்துக்காரரின் தேயிலை கொஞ்சம் இருக்கிறது. காலையில் வெயில் வந்ததும் சின்னம்மா அங்கே கொடிக்கயிற்றில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, செடிகளுக்கு மேலே கருப்பாக ஒரு முதுகு தெரிந்தது. தனியாகத் திரிகிற காட்டுமாடு. அதுதான் பொல்லாதது. சின்னம்மாவுக்கும் அதற்கும் நடுவில் துணிக்கயிறு மட்டும்தான். அவள் அதற்கு முதுகைக் காட்டியபடி அப்பாவின் வேட்டியை உதறிக்கொண்டிருந்தாள்.

"சின்னம்மா, உள்ள வந்துடுங்க" என்றேன். அதே குரல். வழுவழுப்பு, நிதானம், சுடர் ஆடாத மூச்சு.

"வர்றேன் வர்றேன் பாப்பா" என்றாள், திரும்பாமல். போனில் கேட்ட அதே சிரிப்பு.

காட்டுமாடு தலையைத் தூக்கியது. அப்புறம் என்ன நடந்தது என்று என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. வயிறு இழுத்துக்கொண்டது. வாய் திறந்துகொண்டது. 'ஏ...ஏ...ஏ' என்று வந்தது. கரகரவென்று, கிழிந்துபோய், அசிங்கமாக வந்தது. படித்த குரல் ஒரு துளி அதில் இல்லை. எதிர்ச் சரிவில் மோதி எனக்கே திரும்பிக் கேட்டது. பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது.

சின்னம்மா திரும்பிப் பார்க்கவில்லை. என்ன என்று கேட்கவில்லை. வேட்டியைப் போட்டாள், வாளியைத் தள்ளினாள், ஓடினாள். அந்த வயதில் அப்படி ஓடுவாள் என்று நான் நினைக்கவில்லை. கதவுக்குள் வந்ததும் என் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அதற்குப் பிறகுதான், "என்ன பாப்பா, எங்க?" என்றாள்.

காட்டுமாடு கொஞ்ச நேரம் மேய்ந்துவிட்டு, காயப்போட்ட துணி ஒன்றைக் கொம்பில் இழுத்துக் கிழித்துவிட்டு, இறங்கிப் போய்விட்டது. அடுப்படியில் பால் பொங்கித் தீய்ந்த வாசனை வந்தது. நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. சின்னம்மா கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்து வழிந்தது. அவள் கோபமாகச் சொல்லவில்லை. யாரையும் குறை சொல்லவும் இல்லை. இப்போதுதான் தெரிந்த ஒன்றைத் தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"இந்தக் கொரல அன்னைக்குக் குடுத்திருந்தீன்னா, அவர எழுப்பி இழுத்துட்டு ஓடியாந்திருப்பேனே பாப்பா."